கருணை வட்டக் குறிப்புகள்: வைகாசியிலிருந்து பக்ரீத் வரை

2024 மே 19, ஞாயிறு

பல மத மரபுக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து கருணையைப் பற்றிப் பேசும்போது வாக்குவாதம் வந்துவிடுமோ என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். பேச்சைப் பெரும்பாலும் கெடுப்பது "எல்லாம் ஒண்ணுதானே" என்கிற வாக்கியம். பத்தாவது நிமிடத்தில் அதை யாராவது சொல்லிவிட்டால் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு கேட்பதற்கு ஒன்றும் இருக்காது.

அமெரிக்காவில் கொலராடோ மலைப்பகுதியின் ஸ்னோமாஸ் மடத்தில், தாமஸ் கீட்டிங் என்ற கத்தோலிக்கத் துறவி 1984இல் ஒரு சந்திப்பைத் தொடங்கினார். பௌத்தர், இந்து, யூதர், முஸ்லிம், அமெரிக்கப் பூர்வகுடியினர், கிறிஸ்தவத்தின் பல பிரிவினர் எனச் சிறு குழு. அவரவர் மதத்தின் பிரதிநிதியாக யாரும் வரவில்லை, பயிற்சி செய்யும் சாதகராக மட்டுமே வந்தார்கள். சேர்ந்து மௌனமாக உட்கார்ந்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், பிறகு பேசினார்கள். முதலில் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் 8 கருத்துகள் கிடைத்தன. அதன்பின் வேறுபாடுகளை எடுத்துப் பேசத் தொடங்கியபோதுதான் நெருக்கம் இன்னும் கூடியது என்று கீட்டிங் சொல்லியிருக்கிறார். அந்த வரிசைதான் நமக்கு முக்கியம்.

இப்படிப் பல மரபினர் கூடும் நம் கருணை வட்டத்துக்கான அமைப்பு: 8 முதல் 12 பேர். முதலில் 20 நிமிட மௌனம். ஒரு நாளைக்கு ஒரே மரபு. பேசுகிறவருக்கு 15 நிமிடம். "உங்கள் மதம் என்ன சொல்கிறது?" என்று கேட்கக் கூடாது. "உட்கார்ந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்? எந்தச் சொல்? எங்கே வழுக்கும்?" என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு எவரும் பிரசங்கம் செய்துவிடலாம். இரண்டாவதற்குப் பதில் சொல்லப் பயிற்சி இருந்தாக வேண்டும்.

மே 21, செவ்வாய்

பௌத்தர்களின் மைத்திரி தியானம், பிறர் நலத்தை விரும்பும் பயிற்சி. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் மெத்தா. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் என்ற துறவி எழுதிய விசுத்திமக்கத்தின் 9ஆம் அத்தியாயம் இதற்குக் கையேடு மாதிரி. படிப்படியாகப் போகிறது, எங்கே தவறும் என்பதையும் சொல்லிவிடுகிறது.

சொற்கள் நான்கு. பகையற்று இருக்கட்டும். துன்புறுத்தப்படாமல் இருக்கட்டும். வேதனையற்று இருக்கட்டும். சுகமாகத் தன்னைப் பேணிக்கொள்ளட்டும். இதை முதலில் தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டும். அடுத்து மதிப்புக்குரிய ஒருவர், ஆசிரியர் போன்றவர். பிறகு மிக நெருங்கியவர், பிறகு பழக்கமோ பகையோ இல்லாதவர், கடைசியாகப் பகைவர்.

தனக்குச் சொல்லிக்கொள்வதன் காரணத்தை இப்போது பல இடங்களில் மாற்றிச் சொல்லித் தருகிறார்கள். புத்தகோசர் கணக்கில் அது சாட்சிக்காக. எனக்குச் சுகம் பிடிக்கிறது, துக்கம் பிடிக்கவில்லை, மற்றவர்களுக்கும் அப்படித்தானே என்று தன்னையே சாட்சிக்கு நிறுத்துவது. நூறு வருடம் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாலும் ஆழ்ந்த ஒருமுகம் வராது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். ஆகையால் 20 நிமிடத்தில் தனக்கென்று 3 நிமிடம் போதும்.

யாரை வைத்துத் தொடங்கக் கூடாது என்பதற்கும் பட்டியல் உண்டு. பிடிக்காதவரை முதலில் எடுத்தால் மனம் களைத்துப்போகும். மிக நெருங்கியவரை எடுத்தால் அவருக்குச் சின்னக் கஷ்டம் என்றாலும் அழுகை வந்துவிடும். பகைவரை எடுத்தால் கோபம் கிளம்பும். யார் மீது உடல் ஈர்ப்பு வருமோ அவரை எடுத்தால் ஈர்ப்புதான் வளரும். இறந்தவரை எடுக்கவே கூடாது. ஒரு துறவி தன் ஆசிரியரை நினைத்து எவ்வளவு முயன்றும் மனம் ஒன்றவில்லையாம். விசாரித்தால் அந்த ஆசிரியர் முன்பே காலமாகியிருந்தார். காலமான அம்மாவையோ அப்பாவையோ வைத்துத் தொடங்குகிறவர்கள் நம் வட்டங்களில் நிறைய. அவர்களிடம் மெதுவாகச் சொல்லி வேறொருவரை எடுக்க வைக்க வேண்டும். அது நினைவஞ்சலி, அதற்கென்று தனி நேரம் வைத்துக்கொள்ளலாம்.

பழக்கமோ பகையோ இல்லாதவர் என்ற படியைப் பலரும் அவசரமாகத் தாண்டுகிறார்கள். எனக்கு இதுதான் மொத்தப் பயிற்சியின் நடுத்தூண் என்று படுகிறது. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரை எடுத்துக்கொள்ளலாம். தினமும் பார்க்கிறோம், துணியைக் கொடுத்து வாங்குகிறோம், பெயர் தெரியாது. கண்ணை மூடி அவர் முகத்தைக் கொண்டுவரப் பார்த்தால் பெட்டியின் கரிச்சூடும் தண்ணீர் தெளிக்கும் கையும் வரும், முகம் வராது. முகம் வராதபோது அந்தக் கையையே பிடித்துக்கொண்டு நான்கு சொற்களையும் சொல்லலாம். ஒரு வாரத்தில் முகம் வந்துவிடும்.

பகைவர் படியில் கோபம் எழுந்தால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். அப்படியும் அடங்காவிட்டால் வரிசையாகப் பல மருந்துகள். அவரிடம் உள்ள ஒரு நல்ல குணத்தை, ஒன்றே ஒன்றானாலும், நினைப்பது. கோபப்படுகிறவன் பிறர் மேல் எறியத் தணலைக் கையில் எடுக்கிறான், முதலில் வேகுவது தன் கை என்று நினைப்பது. அவர் செயலுக்கு அவரே வாரிசு என்று நினைப்பது. எதன் மேல் கோபம், அவர் முடி மேலா, நகத்தின் மேலா என்று உடலைப் பிரித்துப் பார்ப்பது. எதுவும் பலிக்காவிட்டால் அவருக்கு ஏதாவது கொடுப்பது. இலங்கையின் சித்தலபப்பத மடத்தில் ஒரு துறவி மூன்று முறை தன் இடத்திலிருந்து எழுப்பப்பட்டார். எழுப்பிய மூத்தவருக்கே, தன் தாய் தந்த, எட்டுக் காசு பெறுமான பிட்சைப் பாத்திரத்தைக் கொடுத்தார். தியானத்தால் ஆகாததைக் கை செய்யும் என்பதை ஒரு தியான நூலே ஒப்புக்கொள்கிறது.

மே 23, வியாழன்

இன்று வைகாசிப் பௌர்ணமி, புத்தர் நாள். 1867இல் இதே மே 23ஆம் தேதிதான் வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்புக்கு அணையா அடுப்பு என்றே பெயர்.

வள்ளலாரின் ஜீவகாருண்யம் கண்ணை மூடித் தொடங்குவதில்லை, பசியிலிருந்து தொடங்குகிறது. பசித்தவர் உடம்பில் என்னென்ன நடக்கிறது என்பதை உறுப்பு உறுப்பாக எழுதியிருக்கிறார். கண் பஞ்சடைந்து குழிவது, காது அடைப்பது, நாக்கு வறள்வது, கை கால் துவள்வது. இந்தப் பகுதியை வட்டத்தில் மெதுவாக, உரக்கப் படிக்க வேண்டும். பசியில் இருப்பவரை அவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்த எழுத்து அது. சாதி, சமயம், தேசம், செய்கை எதையும் விசாரிக்காமல் பசியை நீக்க வேண்டும் என்கிறார். காரணம், உயிர்களுக்குள் உள்ள ஆன்ம உரிமை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு நோவு என்றால் மற்றவர் துடிப்பது போல.

பரிமாறுவதையே பயிற்சியாகச் செய்கிறவர்களுக்கு: கூச்சப்படுகிறவர் இலையின் மேல் கையைக் குறுக்கே நீட்டிப் பாதி மறைத்தபடி "போதும்" என்பார். கரண்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாமல் ஒரு மூச்சு அங்கேயே நின்றால் அந்தக் கை கொஞ்சம் விலகும். அப்போது போட வேண்டும். இதற்குக் குனிந்திருக்க வேண்டும். நிமிர்ந்து நின்றால் அந்தக் கை தெரியாது. கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்தவையே. சோறு ஆறும்வரை பேச்சு நடத்துவது, வாங்குகிறவர் முகத்தைப் படம் எடுப்பது, மிச்சத்தைக் கொண்டுவந்து கொடுப்பது.

மே 26, ஞாயிறு

திபெத்திய தொங்லேன். கொடுத்தலும் வாங்குதலும் என்று பொருள். 1042இல் திபெத்துக்குப் போன வங்காளத்துப் பௌத்த ஆசிரியர் அதிசரின் வழியில் வந்த மனப்பயிற்சி இது. 12ஆம் நூற்றாண்டில் செக்காவா என்பவர் ஏழு பகுதிகளாகத் தொகுத்தார்.

மூச்சை உள்ளிழுக்கையில் பிறர் துன்பம் கரும்புகையாக உள்ளே வருகிறது. வெளிவிடுகையில் தன் நலம் வெளிச்சமாக அவரிடம் போகிறது. கேட்டதுமே பலர் பயந்துவிடுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது, ஏனென்றால் பாதியைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே வரும் புகை நெஞ்சில் தங்குவதில்லை. அங்கே 'நான், எனக்கு' என்று இறுகிக் கிடக்கிற கட்டியில் போய் மோதுகிறது. கட்டியும் உடைகிறது, புகையும் கரைகிறது. இந்த இடத்தை விட்டுவிட்டால் பயிற்சி முடிந்ததும் நெஞ்சு கனத்து எழுந்திருப்பார்கள்.

தொடக்கம் தன்னிடமிருந்தே என்பது மூல விதி. நாளைக்கு வரப்போகிற தன் தலைவலியை இன்றைக்கே வாங்கிக்கொள்வது மாதிரி. பிறகு ஒருவர், பிறகு அதே துன்பத்தில் உள்ள எல்லாரும். 10 நிமிடத்துக்கு மேல் ஆரம்பத்தில் வேண்டாம். மூச்சைப் பெரிதாக்கக் கூடாது. வேகமாக இழுத்தால் தலை சுற்றும், அதை அனுபவம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. புதிதாகத் துக்கத்தில் இருப்பவருக்கும், பழைய அதிர்ச்சி திரும்பத் திரும்ப வருகிறவருக்கும் இதைக் கொடுக்கவே வேண்டாம். அவர்களுக்கு மைத்திரியின் முதல் இரண்டு படிகள் போதும்.

மே 29, புதன்

பிறர் துன்பத்தைக் கண்டு கலங்குவதும் கருணையும் ஒன்றா என்று ஒரு கேள்வி.

புத்தகோசரிடம் பதில் இருக்கிறது. கருணைக்குத் தூரத்து எதிரி கொடுமை. பக்கத்து எதிரி துக்கம். பார்க்கக் கருணை மாதிரியே இருக்கும், ஆனால் கருணையை உள்ளிருந்து அரித்துவிடும். மைத்திரிக்குப் பக்கத்து எதிரி பற்று. சமநிலைக்குப் பக்கத்து எதிரி, ஒன்றும் அறியாத அலட்சியம். ஜெர்மனியில் தானியா சிங்கரும் ஓல்கா கிலிமெக்கியும் செய்த ஆய்வு இதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியது. பிறர் வலியைத் தானும் உணரும் பயிற்சி பெற்றவர்களுக்குத் துன்பக் காட்சிகளைப் பார்க்கும்போது வேதனை கூடியது. அதே ஆட்களுக்கு மைத்திரி வகைப் பயிற்சி கொடுத்த பிறகு இதமான உணர்வு கூடியது, மூளையில் வேறு பகுதிகள் இயங்கின. செவிலியர்களும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும் சோர்ந்துபோகும்போது "கருணை அதிகமாகிவிட்டது" என்கிறோம். அவர்களிடம் அதிகமானது கலக்கம். அவர்களை "குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது, மைத்திரியின் நான்கு சொற்களைக் கொடுத்து அனுப்ப வேண்டும்.

ஜூன் 2, ஞாயிறு

நினிவே ஈசாக், கிறிஸ்தவத் துறவி. 7ஆம் நூற்றாண்டு, இன்றைய கத்தார் பக்கத்தில் பிறந்து, நினிவேக்கு ஆயராகி, சில மாதங்களில் பதவியை விட்டுத் தனிமைக்குப் போனவர். இரக்கமுள்ள இதயம் எது என்று கேட்டு அவர் தரும் விடையில் மனிதர், பறவை, விலங்கு, ஊர்வன, பேய்கள்வரை எல்லாவற்றுக்காகவும் எரிகிற இதயம் வருகிறது. பேய்களுக்காகவும் என்பதைக் கேட்டால் யாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பௌத்தர்களின் கேள்வி உடனே வரும்: அதற்குப் பயிற்சி என்ன? ஈசாக்கிடம் படிவரிசை கிடையாது. மௌனமும் கண்ணீரும் செபமும் மனிதன் பங்கு. இதயம் எரிவது இறைவன் தருவது. இந்த வித்தியாசத்தைப் பூசி மறைக்கக் கூடாது. மைத்திரியில் மனமே கருணையை வளர்க்கிறது, இங்கே மனம் இடம் மட்டும் விடுகிறது. கீட்டிங் பரப்பிய மௌன செபமும் இந்தப் பக்கம்தான். ஒரே ஒரு சொல், 20 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு முறை. எண்ணம் வந்ததைக் கவனித்தால் அந்தச் சொல்லுக்கு மெல்லத் திரும்புவது. அதை மந்திரம்போல் உருப்போட ஆரம்பிப்பதுதான் இங்கே வழக்கமான பிழை.

ஜூன் 9, ஞாயிறு

சொல்லைப் பற்றி மட்டும். அரபியில் ரஹ்மத் என்ற கருணையும் கருப்பையைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேர். எபிரேயத்திலும் அப்படியே. தமிழில் அருள் என்பது அன்பு ஈன்ற குழவி, அதை வளர்க்கும் செவிலி பொருள், அதாவது செல்வம், என்கிறது குறள். பொருளையும் உள்ளே கொண்டுவந்தது தமிழ்தான். அருளுக்குச் சோறும் வேண்டும்.

ஜூன் 17, திங்கள், பக்ரீத்

இறைவன் கருணையை நூறு பங்காக்கி 99ஐத் தன்னிடம் வைத்துக்கொண்டு ஒன்றைப் பூமிக்கு அனுப்பினான், குட்டியின் மேல் மிதித்துவிடாமல் குதிரை தன் குளம்பைத் தூக்கிக்கொள்வது அந்த ஒரு பங்கால்தான் என்று நபிமொழி. குட்டிக்கு மேலே தூக்கிய குளம்பு. இதைக் கேட்டுவிட்டு 20 நிமிடம் உட்கார்ந்தால் போதும், விளக்கம் தேவைப்படாது.

ஆனால் இன்று குர்பானி நாளும்கூட. வட்டத்தில் வள்ளலார் வழியினரும் இருப்பார்கள். அவர்களுக்குக் கொலையும் புலாலும் கருணைக்கு நேர் விரோதம். இந்தப் பேச்சைத் தவிர்த்துவிட்டுப் பிரியாணியையும் கஞ்சியையும் தனித்தனியாகச் சாப்பிட்டுக் கலைந்துவிடுவது சுலபம்.

முஸ்லிம் நண்பர்கள் சொல்ல வேண்டியது முழுதாகக் கேட்கப்பட வேண்டும். கத்தியைக் கூர்மையாக்கு, பிராணிக்குச் சிரமம் குறை என்பது நபிமொழி. அதன் கண் முன்னால் கத்தி தீட்டக் கூடாது, இன்னொரு பிராணி பார்க்க அறுக்கக் கூடாது. இறைச்சி மூன்று பங்கு: வீட்டுக்கு ஒன்று, உறவுக்கும் நட்புக்கும் ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று. இறைச்சியோ இரத்தமோ இறைவனைச் சேர்வதில்லை, இறையச்சமே சேர்கிறது என்று குர்ஆன் 22:37 சொல்கிறது. வள்ளலார் வழியினரும் தங்கள் மறுப்பைக் குறைக்காமல் சொல்ல வேண்டும். எவ்வளவு கூரான கத்தியானாலும் ஓர் உயிர் போகிறது என்பது அவர்கள் நிலை, அது மாறப்போவதில்லை.

இரண்டு பக்கமும் சொல்லி முடித்த பிறகு எடுத்து வைக்க வேண்டியது வள்ளலார் வகுத்த ஒரு விதி. புலால் உண்பவர்களைப் புறவினத்தார் என்று பிரித்தார், அவர்களுக்குத் தம் வழியை உபதேசிக்க வேண்டாம் என்றார். அவர்கள் பசியை மட்டும் நீக்கியே ஆக வேண்டும் என்றார். இரண்டு தரப்புக்குமே உறுத்துகிற விதி இது. ஒரு தரப்புக்குப் 'புறம்' என்ற சொல் வலிக்கும், இன்னொரு தரப்புக்கு 'நீக்கியே ஆக வேண்டும்' என்பது பாரமாகும். அடுத்த ஞாயிறு மௌனத்துக்குப் பிறகு இதிலிருந்தே தொடங்குவது. முதலில் பேச வேண்டியவர் புறவினத்தார் என்று அழைக்கப்பட்டவர்.