சாவி யாரிடம்?

ஆண்டு முடியும்போது எங்கள் தீயணைப்பு நிலையத்தில் ஒரு கணக்கு எழுதுவோம். எத்தனை அழைப்பு வந்தது, அதில் தீ எத்தனை, மீட்பு எத்தனை, எத்தனை பள்ளிகளில் ஒத்திகை, எத்தனை கட்டடங்களில் சோதனை. படிப்பவர் கண் முதலில் போவது தீ விபத்துக் கணக்குக்குத்தான். எங்கள் நேரத்தைத் தின்பது என்னவோ கட்டடச் சோதனை. அதிலும் பாதி நேரம் கதவைப் பற்றிய வாக்குவாதத்தில் போய்விடும்.

சொல்லிவிட்டுப் போனால் வரவேற்பு பலமாக இருக்கும். சிவப்புத் தீயணைப்பான்களைத் துடைத்து மாட்டியிருப்பார்கள். அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கும், சீட்டில் தேதி சரியாக இருக்கும். சரி என்று மாடியேறி, இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று கேட்டால்தான் முகம் மாறும். கதவுக்கு மேலே ‘அவசர வழி’ என்று பச்சைப் பலகை எரியும், கீழே பூட்டு தொங்கும்.

“சாவி யாரிடம் இருக்கிறது?”

“வாட்ச்மேனிடம் சார்.”

“அவர் எங்கே?”

“அவர் நைட் ஷிப்ட் சார்.”

பூட்டியவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. சாமான் களவு போவதை அவர் கண்ணால் பார்த்திருப்பார். தீயைப் பார்த்திருக்க மாட்டார். அதனால் சட்டப் பிரிவைக் காட்டி மிரட்டாமல், நடந்த கதையைச் சொல்லத் தொடங்குவேன். 1883-ல் இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் நகரில் விக்டோரியா ஹால் என்ற அரங்கில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி. கடைசியில் மேடையிலிருந்து பரிசுகள் கொடுக்கிறார்கள் என்றதும் மாடியிலிருந்த பிள்ளைகள் படிக்கட்டில் ஓடி இறங்கினார்கள். அடியில் இருந்த கதவு உள்பக்கமாகத் திறப்பது. ஒருவர் ஒருவராக வரட்டும் என்று கொஞ்சம் இடைவெளி விட்டுத் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். 183 குழந்தைகள் நெரிசலில் இறந்தார்கள். அங்கே தீயே இல்லை. உள்ளிருந்து தள்ளினாலே திறந்துகொள்ளும் கம்பித் தாழ்ப்பாள் இந்தத் துயரத்துக்குப் பின் வந்ததுதான். ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவர் 1892-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

அப்படியும் 1942-ல் பாஸ்டனின் கோகோநட் குரோவ் கேளிக்கை விடுதியில் தீப்பிடித்தபோது 492 பேர் இறந்தார்கள். வாசலில் இருந்தது சுழல் கதவு. கூட்டம் முட்டியதும் அது சிக்கிக்கொண்டது. மற்ற கதவுகளில் சில பூட்டியிருந்தன, சில உள்பக்கம் திறப்பவை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்போ திருடனுக்கு என்ன பதில் சார்?” என்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கும் அந்தக் கம்பித் தாழ்ப்பாளே போதும். வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது, உள்ளே இருப்பவர் கைவைத்துத் தள்ளினால் திறந்துவிடும். ஓர் அலாரமும் சேர்த்தால் சும்மா திறப்பவரும் மாட்டுவார்.

அடுத்த வாக்குவாதம் இதற்கு நேர் எதிர். படிக்கட்டுக்குப் போகும் தீத்தடுப்புக் கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். அது திறந்தே கிடந்தால் புகை படிக்கட்டு வழியாக எல்லா மாடிக்கும் ஏறிவிடும். போகவர இடைஞ்சல் என்று அதற்கு ஏதாவது முட்டுக் கொடுத்திருப்பார்கள். ஒரு கட்டடத்தில் முட்டுக் கொடுத்திருந்தது தீயணைப்பானை வைத்தே! “அதைப் பூட்டாதே என்கிறீர்கள், இதை மூடு என்கிறீர்கள்” என்று அலுத்துக்கொண்டார் அங்கிருந்த மேலாளர். இரண்டும் புகையை மனத்தில் வைத்துச் சொல்வதுதான். தீயில் கருகுவதற்கு முன்பே ஆட்களைச் சாய்ப்பது பெரும்பாலும் புகைதான். அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

பள்ளிகளில் இந்தச் சிரமம் இல்லை. புகை மேலே போகும், அதனால் தவழ்ந்து போக வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் பாதி வகுப்பு தரையில் இருக்கும். பிள்ளைகளின் சீருடை அழுக்காவதைப் பார்த்து ஆசிரியர்கள் எங்களை முறைப்பார்கள். மூடிய கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பார், சுட்டால் திறக்காதே, வேறு வழி பார் என்பதையும் சொல்லித்தருவோம். அதை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கு நடித்துக் காட்டுகிறார்கள் என்று கேள்வி.

பெரியவர்களுக்கான கூட்டங்களில் எண்ணெய்த் தீதான் முக்கியப் பாடம். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். எரியும் எண்ணெயில் ஊற்றினால் எண்ணெயையும் தூக்கி அடிக்கும். அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை மூடினால் போதும். இதற்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை. கதவுக்குத்தான் இத்தனை பேச்சு.

வருகிற ஆண்டுக்கான திட்டம் எழுதும்போது சோதனை நேரத்தை மாற்றச் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டுப் பகலில் போனால் முக்கால்வாசிக் கதவுகள் அன்றைக்கு மட்டும் திறந்திருக்கும். இனி சிலவற்றுக்கு இரவில், தகவல் சொல்லாமல் போகலாம் என்றிருக்கிறோம். வாட்ச்மேனும் இருப்பார், சாவியும் இருக்கும்.