கதவைப் பூட்டிவிட்டுப் போன அம்மா

குழந்தைப் பாதுகாப்பு வேலைக்கு வந்த புதிதில், விசாரணை அறிக்கையில் 'பெற்றோரின் அலட்சியம்' என்று எழுதக் கை கூசியதே இல்லை. பிள்ளை தனியாக இருந்ததா, ஆம். பார்த்துக்கொள்ளப் பெரியவர் யாராவது உண்டா, இல்லை. ரெண்டு டிக், அவ்வளவுதான்.

திருப்பூரில் ஒரு லைன் வீடு. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு யாரோ போன் பண்ணியிருந்தார்கள். நாங்கள் போனபோது கதவு வெளியே பூட்டியிருக்க, நாலு வயதுப் பெண் குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. உள்ளே தரையில் தக்காளிச் சோறு காய்ந்த தட்டு, பக்கத்தில் சொம்புத் தண்ணீர், பூச்சி விழாமல் அதற்கு ஒரு மூடி. அந்த மூடியைப் பார்த்தேன், ஆனால் எழுதவில்லை, படிவத்தில் அதற்கெல்லாம் இடம் கிடையாது. அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, ஒன்றரை ஷிப்ட், வீடு வர ராத்திரி ஒன்பது. அங்கன்வாடி நாலு மணிக்குள் முடிந்துவிடும், யார் போய்க் கூட்டி வருவது? "ரோட்டுக்கு ஓடிருவாளேன்னுதானுங்க மேடம் பூட்டீட்டுப் போறேன்" என்றார்.

சரி, பண உதவிக்காவது எழுதலாம் என்று பார்த்தேன். மிஷன் வாத்சல்யா என்ற ஒன்றிய அரசின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. நகரத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000-ஐத் தாண்டக் கூடாது. அதாவது மாதம் எட்டாயிரம். இந்த அம்மா ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் வரம்பைத் தாண்டிவிடுவார், ஒரு ஷிப்டோடு நின்றால் வாடகைக்கு வழியில்லை. புருஷனால் கைவிடப்பட்டவர் என்ற கணக்கிலும் வரமாட்டார், அவர்தான் கூடவே வாழ்கிறாரே, குடித்துக்கொண்டு.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஓல்ட்ஸ் நடத்திய ஆய்வைப் படித்தேன். 1977-ல் நியூயார்க் மாநிலத்தின் எல்மிரா என்ற சிற்றூரில் தொடங்கியது, 400 கர்ப்பிணிகள். ஒரு பகுதியினர் வீட்டுக்கு நர்சுகள் கர்ப்பகாலத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை போய்வந்தார்கள். பதினைந்து ஆண்டு கழித்துப் பார்த்தால், அந்தக் குடும்பங்களில் குழந்தைக் கொடுமை, அலட்சியம் பற்றி உறுதிசெய்யப்பட்ட புகார்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ பாதிதான். எங்களைப் போல ஒரு தடவை போய் டிக் அடித்துவிட்டு வருவதல்ல, அதே நர்ஸ் திரும்பத் திரும்பப் போனது. ஆனால் இதைவிட என்னைப் பிடித்து உலுக்கியது 2000-ல் வெளிவந்த அதன் தொடர்ச்சி: அம்மா ஓயாமல் அடி வாங்குகிற வீடுகளில் இந்தப் பயனே தெரியவில்லை. என் பழைய அறிக்கைகளை எடுத்துப் புரட்டினேன். எல்லாவற்றிலும் அம்மா என்ன செய்யவில்லை என்றுதான் இருக்கிறது, அப்பாவைப் பற்றி 'கூலித் தொழிலாளி' என்று ஒரே வரி. அவர் கை நீட்டுவாரா என்று நான் கேட்டதே இல்லை.

திரும்பப் போனேன். மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை, கோப்பு மூடியாகிவிட்டதாம், பெட்ரோல் பில் பாஸ் ஆகாதாம். இந்த முறை சாவி பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் இருந்தது, மாதம் ஐநூறு ரூபாய்க்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். அலுவலகம் செய்த ஏற்பாடு இல்லை, அந்த அம்மா தானே பேசி முடித்தது. நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் டீ போடப் போனார். போகும்போது சேலைத் தலைப்பை இழுத்து இடது தோளை மூடிக்கொண்டார்.