தாதாவ்செங் செங்ஹுவாங் கோயில்: வரன் வேண்டிப் போகிறவர்களுக்கு

தைபேயில் கல்யாணப் பிரார்த்தனைக்குப் போகிறவர்களில் பலர், சியாஹாய் செங்ஹுவாங் கோயிலுக்குள் நுழைந்ததும் நேரே யுவே லாவ் முன்னால் போய் நிற்கிறார்கள். சிவப்பு நூலால் ஜோடிகளை முடிச்சுப்போடும் கல்யாண தெய்வம் அவர். ஆனால் இந்தக் கோயிலுக்கு 1971-இல்தான் வந்து சேர்ந்தவர். அங்கே மூலவர் செங்ஹுவாங், நகரின் காவல் தெய்வம். 1853-இல் தைபேயின் பழைய பகுதியான பாங்காவில் சீனாவிலிருந்து குடியேறியவர்கள் இரு தரப்பாகப் பிரிந்து மோதி ஊர் எரிந்தபோது, அதில் ஒரு தரப்பான தொங்ஆன் ஊர் மக்கள் இவரைத் தூக்கிக்கொண்டு, இன்று கோயில் இருக்கும் தாதாவ்செங் பகுதிக்குத் தப்பி வந்தார்கள். அந்த மோதலில் உயிர்விட்ட 38 பேருக்கும் உள்ளேயே வழிபாடு உண்டு. கோயில் 1859-இல் கட்டி முடிந்தது. செங்ஹுவாங்கையும் அந்த 38 பேரையும் கும்பிடாமல் வரன் மட்டும் கேட்பது முறையில்லை.

பெய்மென் மெட்ரோவில் 3-ஆம் வாசல், அங்கிருந்து கோயில் இருக்கும் டிஹுவா கடைத்தெருவுக்குப் பத்து நிமிட நடை. சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் மட்டும் போகாதீர்கள். உலர்பழம், மீன்முட்டைக் கருவாடு என்று ருசி பார்க்கச் சொல்லி வழிமறிப்பார்கள், நகரவே முடியாது. சந்திரமான ஐந்தாம் மாதம் 13-ஆம் நாள் செங்ஹுவாங்கின் திருநாள். அன்றைய கூட்டத்தை ‘ஆளை ஆள் பார்க்கும் நாள்’ என்றே ஊரில் சொல்வார்கள். கோயிலோ சுமார் 1,600 சதுர அடிதான். அதற்குள் 600-க்கு மேல் திருமேனிகள்!

முதல் தடவை போகிறவர்கள் உள்ளே காணிக்கைத் தொகுப்பு வாங்க வேண்டும். சிவப்பு நூல் அதோடு வரும். மூன்று ஊதுபத்தி ஏற்றி, முதலில் வாசலைப் பார்த்து நின்று வானத்துக்கு வணக்கம். பிறகு திரும்பி செங்ஹுவாங், அவர் தேவியார், யுவே லாவ். ஊதுபத்தியின் நுனி மேலே பார்த்து இருக்கட்டும், இல்லாவிட்டால் முன்னால் நிற்பவர் சட்டையில் சாம்பல் விழும்.

யுவே லாவ் ஒன்றரை அடி உயரம்கூட இல்லை. நீண்ட வெள்ளைத் தாடி, ஒரு கையில் திருமணப் பதிவேடு, மறு கையில் கைத்தடி. அவர் முன்னால் பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் சொல்ல வேண்டும், நம் அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் சொல்வதுபோல. அப்புறம்தான் வேண்டுதல். ‘நல்ல இடமா அமையணும்’ என்று மட்டும் சொன்னால் போதாது. வயது, குணம், வேலை, எந்த ஊர் என்று விவரமாகக் கேளுங்கள். பின்னால் வரிசை நெருக்கினாலும் அவசரப்படாதீர்கள். கேட்க வந்ததையே பாதியில் விட்டுவிட்டு நகர்கிறவர்கள்தான் அதிகம்.

ஊதுபத்தியை வைத்த பிறகு, சிவப்பு நூலைத் தூபக்கலசத்தின் புகைமேல் வலஞ்சுழியாக மூன்று முறை சுற்றிப் பணப்பையில் வையுங்கள். தாழ்த்திப் பிடித்தால் கங்கு பட்டு நூல் பொசுங்கும். பின்னாளில் நூல் தொலைந்தால் பதறவேண்டாம், யுவே லாவ் முடிச்சுப்போட எடுத்துக்கொண்டார் என்பது அங்குள்ளவர்கள் நம்பிக்கை. கிளம்புமுன் செந்நிறப் பேரீச்சை போட்ட இனிப்புத் தேநீர் தருவார்கள், குடித்துவிட்டு வாருங்கள்.

கல்யாணம் கூடிவந்தால் கல்யாண பிஸ்கட் பெட்டியோடு இருவருமாகப் போய் நன்றி சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான ஜோடிகள் அப்படி வருகிறார்கள். ஐயா, எத்தனை வீட்டுப் பெற்றோர் கண்ணீரைத் துடைத்திருக்கிறார் இந்தக் குட்டித் தாத்தா! அவருக்கும், இடம் கொடுத்த செங்ஹுவாங்குக்கும் கோடி நமஸ்காரம். வந்தவர்கள் தேவியார் சந்நிதியை விட்டுவிடாதீர்கள். குடும்ப ஒற்றுமைக்கு வேண்டிக்கொள்ள வேண்டியது அங்கேதான்.