காவிக்கு அடியில் இருந்த சிவப்பு

சென்ற ஐப்பசி அடைமழையில் அம்மாவின் இடது கணுக்காலுக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்தது. அன்றிரவே குளிர்நடுக்கத்தோடு காய்ச்சலும் வந்தது. பார்க்க வந்த பெரியம்மா அதை அக்கி என்று சொல்ல, குயவர் வீட்டுக்கு அழைத்துப்போய் காவி பூசி அக்கி எழுதி வந்தோம். மறுநாள் காலையில் காவிப் பூச்சுக்கு அடியில் சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்பதை எங்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

மருத்துவர் ஈரப்பஞ்சால் காவியைத் துடைத்துவிட்டு, சிவப்பின் விளிம்பையொட்டிப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதினார். அக்கி என்றால் நரம்பில் ஒடுங்கிக் கிடந்த சின்னம்மை வைரஸ் மறுபடி கிளம்புவது. நீர்க்கொப்புளங்கள் கொத்துக்கொத்தாக எழும்பும். அம்மாவின் காலில் கொப்புளமே இல்லை. தோல் வீங்கி மினுமினுத்தது, புறங்கையை வைத்தால் சுட்டது. தோலின் ஆழத்திலும் அதற்குக் கீழுள்ள கொழுப்பிலும் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா பரவுவதால் வரும் செல்லுலைட்டிஸ் அது. (இரண்டு கால்களும் ஒன்றுபோலச் சிவந்திருந்தால் பெரும்பாலும் காரணம் வேறாக இருக்குமாம்.)

பிறகு அவர் கால்விரல்களை விரித்துப் பார்த்தார். சுண்டுவிரல் இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறிப் பிளந்திருந்தது. அந்தச் சேற்றுப்புண் வழியாகத்தான் கிருமி உள்ளே போயிருக்கிறது. சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்த அம்மாவுக்கு அது வலிக்கவே இல்லை, நாங்களும் குனிந்து பார்த்ததில்லை.

காய்ச்சலும் சர்க்கரையும் சேர்ந்திருந்ததால் 2 நாள் ஊசி வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றிவிட்டு, பிறகு செஃபலெக்சின் மாத்திரைக்கு மாற்றினார்கள். படுக்கும்போது காலை இரண்டு தலையணைமேல் தூக்கி வைக்கச் சொன்னார்கள். நீர் வடிந்து வீக்கம் குறைய அதுவும் மருந்தளவுக்கு முக்கியம் என்பதைக் கண்ணால் பார்த்தேன். முதல் நாள் சிவப்பு கோட்டைத் தாண்டியபோது பதறிப்போனேன். மருந்து தொடங்கிய ஓரிரு நாள் அப்படிச் சற்றுப் பரவக்கூடும் என்று விளக்கிய மருத்துவர், தோல் கறுத்தாலோ, கொப்புளம் கண்டாலோ, பார்வைக்குத் தெரிவதைவிட வலி மிகக் கடுமையாக இருந்தாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது என்றார். அது தசையுறையை அழிக்கும் தொற்றாக இருக்கலாம், உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும். மூன்றாம் நாள் சிவப்பு கோட்டுக்குள் ஒரு விரல் அகலம் பின்வாங்கி, தோலில் சுருக்கம் விழுந்தது.

தோலில் எது வந்தாலும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தடவுவதை அன்றோடு விட்டோம். சேற்றுப்புண்ணுக்கு மருத்துவர் எழுதிய பூஞ்சைக் களிம்பை மட்டும் போடுகிறோம். அம்மா குளித்து வந்ததும், பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு விரலிடுக்கையும் நான்தான் ஒற்றியெடுக்கிறேன்.