காங்கேசன்துறையில் அம்மாவைக் கப்பலேற்றிய நாள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலிருந்து கொழும்பு 400 கிலோமீற்றர், நாகப்பட்டினம் 100 சொச்சம்தான். இருந்தும் அம்மா இவ்வளவு காலமும் சிதம்பரத்தைப் படத்தில்தான் கும்பிட்டு வந்தார். அந்தக் காலத்தில் நம் ஆட்கள் பாய்க்கப்பலில் போய்வந்த இடம். ஆறுமுக நாவலர் 1864இல் அங்கே பள்ளிக்கூடமே திறந்திருக்கிறார்.

2023 ஒக்டோபர் 14 அன்று நாகை - காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியதும் அம்மா வெளிக்கிட நின்றார். ஒரு கிழமைக்குள் மாரிக்கடல் என்று நிறுத்திவிட்டார்கள். 2024 ஓகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற வேறு கப்பல் வந்தது. அதற்குப் பிறகும் பாஸ்போர்ட், விசா, முழங்கால் வலி என்று இழுபட்டு, ஒருவழியாகப் போன மாதம் டிக்கெட் போட்டோம்.

ஆட்டோவில் கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதியால் போகிற வழியில் மாவிட்டபுரத்தில் இறங்கிக் கற்பூரம் கொளுத்தினோம். இந்தக் கோயில் முருகன், அதாவது காங்கேயன், இந்தியாவிலிருந்து வந்திறங்கிய துறை என்பதால்தான் காங்கேசன்துறை என்று பெயர் வந்ததாம். “அவரிட்ட ஒருத்தரும் விசா கேட்டிருக்க மாட்டினம்” என்றேன். அம்மா முறைத்தார்.

ஊர் என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. 1990இல் போரால் சனம் எழும்பிப் போனது. ரயில் திரும்பி வரவே 2015 ஜனவரி ஆனது, சீமெந்து ஆலை மூடியது மூடியதுதான். கூரையில்லாத வீடுகளுக்குள் மரம் முளைத்து நிற்கும் ஒழுங்கைகளைக் கடந்து போனால் திடீரென்று கடல், வரிசை, ஸ்கேனர்.

அம்மாவின் பை ஸ்கேனருக்குள் போய் அப்படியே நின்றது. பனங்கட்டி, புழுக்கொடியல், பருத்தித்துறை வடை எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார்கள். கடைசியாக ஒரு பொலித்தீன் பை, மூன்று ரப்பர் பாண்ட் போட்டது. அதிகாரி முடிச்சை அவிழ்த்து மூக்கருகே கொண்டுபோனார், அவ்வளவுதான், நான்கைந்து தும்மல். “வறுத்து இடிச்ச தூள் தம்பி, அங்கத்தைத் தூளில கறி வைச்சா வாய்க்கு வராது” என்று அம்மா விளக்கம் சொல்ல, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே போகச் சொன்னார்.

உள்ளே போன அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது. கடற்கரையில் நின்று கப்பல் புள்ளியாகும் வரை பார்த்துவிட்டு, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்தேன்.

இரவு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. சுகமாக இறங்கியாச்சாம். அந்தத் தம்பி முடிச்சைச் சரியாகக் கட்டவில்லையாம், கோயிலுக்கு உடுக்க வைத்திருந்த வெள்ளைச் சேலை முழுக்கத் தூளாம்.