பேக்கலைட் கைப்பிடியில் கொப்புளம் வருதா?

குக்கர் கைப்பிடியைப் பிரஸ்ஸில் அடிக்கும்போது கொப்புளம் வந்தால் முதலில் பேக்கலைட் பவுடரைப் பாருங்க. மூட்டை திறந்தே கிடந்தால் ஈரம் ஏறியிருக்கும். டை (அச்சு) சூடு 160–175 டிகிரி போதும். பவுடரை எடை போட்டே கொட்டணும், ஓரத்தில் பிதுங்கி வழியும் பிசிறுக்காகக் கொஞ்சம் கூடுதலா. குறைந்தால் ஓரம் நிரம்பாது.

பிரஸ் மூடியதும் ஒரு நொடி லேசாத் திறந்து மூடுங்க. பினாலிக் (பேக்கலைட் பிசின்) வேகும்போது நீராவி வரும், அது வெளியேற வழி வேணும். தாமதமாத் திறந்தால் மேல்தோல் இறுகி, பீஸில் விரிசல் விழும்.

3 மி.மீ. தடிமனுக்குச் சுமார் 1 நிமிடம் வேகணும். அவசரப்பட்டு எடுத்தால் வெளியே பளபளப்பு, உள்ளே வேகாத மாவு. டையை விட்டு வந்ததுமே உப்பிடும். நேரத்தை மிச்சம் பிடிக்க டை சூட்டை ஏற்றாதீங்க. பவுடரை 90 டிகிரியில் முன்சூடு பண்ணுங்க. உள்ளும் புறமும் ஒரே சீரா வேகும்.