வர்க்கிக் கடைப் பலகையும் தூரிகை எழுத்துருவும்

"கையால எழுதுன மாதிரி வேணும்" என்று கேட்காத கடைக்காரர் குன்னூரில் குறைவு. சாக்லேட், தைலம், தேயிலைத் தூள் என எதை விற்பவராக இருந்தாலும், கணினியில் பலகையும் லேபிளும் வடிவமைக்கும் என்னிடம் அவர்கள் விரும்பிக் கேட்பது தூரிகையால் தீட்டியது போன்ற எழுத்துருவைத்தான். அதை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதை ஒரு பலகையில் நான் செய்த தவறுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

மொறுமொறுப்பான பேக்கரிப் பண்டமான ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, பேக்கரிக்காரர் ஒருவர் தம் பழைய பலகையை மாற்ற வந்தார். கடையின் பெயர், பண்டங்களின் பட்டியல், தொலைபேசி எண் அனைத்தையும் ஒரே தூரிகை எழுத்துருவில் அமைத்தேன். திரையில் அழகாகவே இருந்தது. பலகை ஏறிய வாரத்தில், பனிமூட்டம் இறங்கிய ஒரு மாலையில் எதிர்ப்புறம் நின்று பார்த்தபோது, பெயர் மட்டுமே தெரிந்தது. தூரிகை எழுத்தில் ஒரே கோடு அழுத்துமிடத்தில் தடித்தும் கை எடுக்குமிடத்தில் மெலிந்தும் ஓடுவதால், எழுத்தைச் சிறிதாக்கினால் மெல்லிய பகுதி மறைந்துவிடுகிறது. ண, ஞ, இ ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துவிட்டால் சொல்லே மாறிவிடும்.

பெரிதாக இருந்த பெயரிலும் ஒரு குறை இருந்தது. 'வர்க்கி' என்ற சொல்லில் ககரம் அடுத்தடுத்து இருமுறை வருகிறது. முதல் ககரத்தின் கடைசி வளைவில், தூரிகையின் மயிர் பிரிந்து பெயின்ட் வற்றியது போல மூன்று வெண்கீற்றுகள். அடுத்த ககரத்திலும் அதே இடத்தில் அதே மூன்று கீற்றுகள். எந்தக் கையும் அப்படி எழுதாது. ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்களை வரைந்து வைத்து, அவை தாமாக மாறி மாறி வரும்படி செய்ய கணினி எழுத்துருக்களுக்கான ஓப்பன்டைப் நுட்பத்தில் வழி உண்டு; நான் பயன்படுத்திய எழுத்துருவில் அது இல்லை. இரண்டாவது ககரத்தைக் கையால் திருத்தக்கூடிய வளைகோடுகளாக மாற்றி, கீற்றுகளை அடைத்து, வாலைச் சற்று நீட்டிய பிறகுதான் அந்தச் சொல்லுக்கு உயிர் வந்தது. (இந்தச் சொரசொரப்பான ஓரங்களை ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தில் கொடுத்தால் வினைல் கிழியும் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.)

அந்தக் கடையின் பழைய பலகையை எழுதியவர் ஒரு முதிய பெயிண்டர். அவரிடம் காட்டியபோது, "தம்பி, பேருக்கு பிரஷ் எழுத்து போடுங்க, சேதிக்குப் பட்டை எழுத்து போடுங்க" என்றார். அவருடைய பலகையும் அப்படித்தான் இருந்தது. பட்டியலையும் எண்ணையும் ஒரே தடிப்புள்ள எழுத்துக்கு மாற்றினேன். எழுத்துகளுக்கிடையே இடைவெளியையும் கூட்டினேன்.

கடைப் பெயரில் 'மலை' என்ற சொல்லும் உண்டு. 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, லகரத்தின் முன்னே யானைத் துதிக்கை போல வளைந்து ஒட்டியிருக்கும். பழைய பலகையில் அதைத்தான் எழுதியிருந்தார். என் எழுத்துருவில் இருந்தது இன்றைய லை மட்டுமே. பெயிண்டர் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, பட்டை பிரஷ்ஷை எனாமலில் தோய்த்து, கை எடுக்காமல் அந்த எழுத்தை மூன்று முறை எழுதினார். மூன்றும் மூன்று விதமாக இருந்தன. இரண்டாவதை ஸ்கேன் செய்து பெயரில் சேர்த்தேன்.